கன்னம் கிள்ளாத தெரு

என் மகன் வீட்டுப் பேத்திக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். அந்தச் சொல் என் வாயில் நுழையவே நாளாயிற்று. வகுப்பில் உட்கார மாட்டாள். காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவாள். "இப்படியே இருந்தா வேற பள்ளிக்கூடம் பாத்துக்கங்க" என்று வகுப்பு டீச்சர் சொல்லிவிட்டார். அவனியாபுரத்தில் வேறு எங்கே போவது? எப்போது கூப்பிடுவார்களோ என்று பள்ளி வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன்.

அப்போதுதான் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கு ஒரு கவுன்சலிங் டீச்சர் வந்தார். சின்னப் பெண். சோதனை ஏதாவது செய்வார் என்று நினைத்தேன். அவரோ ஒருநாள் காலையில் எங்கள் வீட்டுக்கே வந்து, எங்களோடு பள்ளிக்கு நடந்தார்.

எங்கள் தெருவுக்கே என் பேத்தி செல்லம். பூக்காரி கன்னத்தைக் கிள்ளி விரலை முத்தமிட்டாள். ஆட்டோக்காரர் "ஏ மருமகளே" என்று தலையை உலுப்பினார். இட்லிக் கடைக்காரி இறுக்கி அணைத்தாள். அவள் இட்லி பஞ்சு மாதிரி இருக்கும், சட்னிதான் தண்ணீர், அது கிடக்கட்டும்.

பள்ளி வாசலில் டீச்சர் கேட்டார்: "எம்புட்டுப் பேரு தொட்டாங்க, பாத்தீங்களாம்மா?"

"பாசந்தான தாயி! தொடாதீகன்னா மூஞ்சியத் தூக்கிக்கிருவாகளே."

"பாசந்தாம்மா. ஆனா ஒவ்வொரு கையும் இவளுக்குச் சுடுற மாதிரி இருக்கு. இங்க வர்றதுக்குள்ள ஓஞ்சு போறா. பெறகு எப்படி உக்காருவா?"

அன்று சாயங்காலமே தெருவில் இறங்கி, யாரும் பிள்ளையைத் தொட வேண்டாம் என்று சொன்னேன். இட்லிக் கடைக்காரிக்குக் கோபம்.

"ஏன், எங் கை என்ன அழுக்குக் கையா?"

"தங்கக் கைதான்டி. அத நீயே வச்சுக்க."

ஆட்டோக்காரர் சிரித்தார். "தொடாம எப்படிக் கொஞ்சுறது ஆத்தா?"

"எட்ட நின்னு ஒரு கும்பிடு போடுப்பா."

மறுநாளிலிருந்து தெருவே கும்பிட்டது. மந்திரி வருகிற மாதிரி நாங்கள் போனோம். டீச்சர் அவளுக்குச் சன்னலோர இடம் வாங்கிக் கொடுத்தார், கூட்டம் உள்ளே போனபிறகு கூட்டிப் போனார். உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. கூப்பிட்டு அனுப்புவது மெல்லத்தான் குறைந்தது.

ஒருநாள் டீச்சர் வெளியே வந்தார். கூட்டிப்போகத்தான் சொல்வார் என்று எழுந்து செருப்பைத் தேடினேன்.

"பெஞ்சுல உக்காந்து எழுதிக்கிட்டு இருக்காம்மா. நீங்க வீட்டுக்குப் போங்க."

கையை வீசிக்கொண்டு தனியாகத் திரும்பினேன். எதிரே தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் கேட்டாள்: "பிள்ள எங்க?"

"வகுப்புல இருக்கா" என்றேன். இன்னும் யாராவது கேட்க மாட்டார்களா என்று மெதுவாகவே நடந்தேன்.