அசைகிற மலை

"மலை அசையுமா?" என்று அந்தச் சந்தில் யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். செகந்திராபாத்தைச் சுற்றி மலைக்கா பஞ்சம்? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பாறை, அதன் தலையில் இன்னொரு பாறை. மௌலாலிக் குன்று எந்தக் காலத்திலிருந்தோ அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் மாதா கோயிலுக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் வளர்ந்த ஜூடித் மட்டும் அடித்துச் சொல்வாள்.

"அசையும்! எங்க சித்தி பாத்துருக்காங்க!"

சித்தி ஞானசௌந்தரி அப்போது அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டுப் பையன் பத்மநாபன் சுவரில் சாய்ந்துகொண்டு, தெருவில் கற்ற ஐதராபாத் உருதுவைக் கலந்து சீண்டுவான்.

"நக்கோ சித்தி, பொய் வேண்டாம், நக்கோ! மலை கைக்கு, ஏன் அசையும்? அதுக்குக் கால் இருக்கா?"

"நீ போடா. நீங்க சொல்லுங்க சித்தி."

ஞானசௌந்தரி பின்னலை நிறுத்தாமல் சொல்வாள். "கப்பல் மேல நின்னு பாத்தா தூரத்துல தீவு தெரியும்டி. பச்சைப் பசேல்னு இருக்கும். பாத்துக்கிட்டே இருந்தா ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு ஒண்ணாகும். தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரி நெளியும். அப்புறம் இலங்கையில ஆதாம் மலைன்னு ஒண்ணு. கூம்பாட்டம் நிக்கும். திடீர்னு அப்படியே நடுங்கும். ஓரமெல்லாம் கரைஞ்சு கீழ வழியும். கண்ணைச் சிமிட்டினா, ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடி நேரா நின்னுக்கும்."

"அப்புறம்?"

உள்ளேயிருந்து ஆரோக்கியமேரியின் குரல் வரும். "ஜூடித்! கதை கேட்டது போதும், சோறு ஆறுது!"

"தோ வரேம்மா!"

பாதிப் பின்னலோடு குழந்தை ஓடிவிடும். அவிழ்ந்த ரிப்பன் மட்டும் ஞானசௌந்தரியின் கையில் இருக்கும். அந்த 'அம்மா' என்ற சொல் தன் தோளை உரசிக்கொண்டு பக்கத்து அறைக்குள் போவதை அவள் கேட்டபடி உட்கார்ந்திருப்பாள். பத்து மாதம் சுமந்து அந்தக் குழந்தையைப் பெற்றவள் அவள்தான். ஊரில் பெரியவர்கள் நாலைந்து பேருக்கு அது தெரியும். ஜூடித்துக்குத் தெரியாது.

மூசி ஆறு பொங்கி ஐதராபாத்தின் பாதியை வாரிக்கொண்டு போன வருஷம் அது. ஆற்றோரத்தில் ஒரு நண்பனைப் பார்க்கப் போன அவள் புருஷன் ஜேம்ஸ் திரும்பி வரவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. வயிற்றில் பிள்ளையோடு ஞானசௌந்தரி அக்கா ஆரோக்கியமேரியின் வீட்டுக்கு வந்தாள். அக்காளுக்குக் கலியாணமாகி வருஷங்கள் ஓடியும் மடி நிறையவில்லை. அக்காள் புருஷன் தேவசகாயம் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். அந்தச் சமயம் விஷக் காய்ச்சலில் படுத்துவிட்டார். அடுப்பு எரிய வழியில்லாத வீட்டில்தான் ஜூடித் பிறந்தாள்.

அப்போது திருமலகிரி கண்டோன்மெண்டில் ஒரு துரைசானிக்கு ஆண் குழந்தை பிறந்து, தாய்ப்பால் வற்றிவிட்டது. பால் கொடுக்க ஒரு ஆயா தேடினார்கள். துரை நீண்ட விடுப்பில் மனைவியைத் தீவுகளுக்கும் மலைகளுக்கும் சுற்றிக்காட்டக் கூட்டிப்போகிறார். ஆயாவும் கூடப் போக வேண்டும். சொந்தக் குழந்தையைக் கொண்டுவரக் கூடாது. பால் முழுதும் துரை வீட்டுப் பிள்ளைக்குத்தான். அந்த வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் இருந்த சட்டம் அது.

"ஆறே மாசம்தாண்டி ஞானம். நான் உசிரைக் குடுத்துப் பாத்துக்குறேன்" என்றாள் அக்காள்.

ஆட்டுப்பாலை விரலில் தொட்டுக் குழந்தையின் உதட்டில் வைத்துப் பழக்கிவிட்டு, ஞானசௌந்தரி ரயிலேறினாள். வண்டி நகர்ந்தபோது மார்பு கனத்து ரவிக்கை நனைந்தது. எதிரே துரைசானியின் குழந்தை அழுதது. எடுத்து அணைத்துக்கொண்டாள். வேறென்ன செய்வாள்?

கப்பலில்தான் அந்த விசித்திரமான வைத்தியம் ஆரம்பமாயிற்று. ஆயா அழுதால் பால் கெட்டுவிடும், குழந்தைக்கு வயிறு உப்பிவிடும் என்று பட்டாளத்து டாக்டர் துரைசானியிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் ஞானசௌந்தரியின் முகம் கொஞ்சம் வாடினாலும் போதும், துரைசானி பதறிப்போய் ஓடிவருவாள். அவள் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டு, தனக்குத் தெரிந்த அரைகுறை இந்துஸ்தானியில் கூவுவாள்.

"தேக்கோ ஆயா, தேக்கோ! பார், எவ்வளவு அழகான தீவு!"

கண்டியில் ஏரியைப் பார்க்கச் சொன்னார்கள். நுவரெலியா போகிற வழியில் அருவியைப் பார்க்கச் சொன்னார்கள். பினாங்கில் தென்னந்தோப்புக்கு மேலே எழுந்து நின்ற மலையையும், ஜாவாவில் உச்சியில் புகை கக்குகிற மலையையும் விரல் நீட்டிக் காட்டினார்கள். ஆதாம் மலையின் எதிரே ஒரு காலை நேரம், தேயிலைத் தோட்டக் கூலிகள் குடியிருந்த லயத்திலிருந்து ஒரு சிசு வீறிட்ட சத்தம் கேட்டு அவளுடைய நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அன்றைக்குத் துரையே வந்து, தன் தூரதிருஷ்டிக் கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். ராஜாக்கள் பார்க்கிற காட்சி அது. அவளுடைய கண்ணில் தண்ணீர்தான் இருந்தது.

பாவம், துரைசானி கெட்டவள் அல்ல. தன் பிள்ளைக்காகப் பயந்தவள். அழுகிற ஒரு தாயின் முன்னால் உலகத்தின் அழகையெல்லாம் கொண்டுவந்து குவித்தாள். அதில் ஒன்றாவது அந்தத் தாயின் கண்ணுக்குள் போயிற்றா என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஆறு மாதம் என்றது ஒரு வருஷமாயிற்று. மலைக்காற்று குழந்தைக்கு ஒத்துக்கொண்டதென்று நுவரெலியாவில் தங்கினார்கள். இரண்டு வருஷத்துக்கு மேலும் இழுத்த பிறகுதான் ஞானசௌந்தரி செகந்திராபாத் ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். கையில் சங்கு கோத்த ஒரு மாலை. பிளாட்பாரத்தில் அக்காள் நின்றாள். இடுப்பில், சிவப்புக் கவுன் போட்டுக்கொண்டு, ஜேம்ஸின் நெற்றியோடும் ஜேம்ஸின் மூக்கோடும் ஒரு குழந்தை.

"என் ராசாத்தி!" என்று கை நீட்டினாள்.

குழந்தை அலறியது. "அம்மா! அம்மா!" என்று ஆரோக்கியமேரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நீட்டிய கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் ஞானசௌந்தரி சங்கு மாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும், குழந்தை தூங்கிய சமயம் பார்த்து, மூத்தவள் இளையவளின் காலில் விழுந்தாள்.

"உன் பிள்ளைதான், நான் இல்லேங்கல. தூக்கிட்டுப் போ. வேண்டாங்கல. ஆனா அது என்னை அம்மான்னு கூப்பிட்டுருச்சு ஞானம்! மலடின்னு கேட்ட காது இது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் எங்கிட்டேருந்து எடுத்துராதடி!"

"எழுந்திரு அக்கா. நீ என் கால்ல விழலாமா?"

கண் நிறைந்தது. உடனே முகம் தானாக ஜன்னல் பக்கம் திரும்பிற்று. இரண்டு வருஷத்துப் பழக்கம். அழுகை வந்தால் எதிரே ஏதாவது மலை இருக்கிறதா என்று தேடுகிற பழக்கம். தூரத்தில் மௌலாலிக் குன்று தெரிந்தது. அதுவும் நடுங்கியது.

"சித்தின்னே கூப்பிடட்டும்" என்றாள்.

அதன் பிறகு அவளுடைய வாழ்க்கையில் சொல்வதற்கு என்ன இருக்கிறது? கன்னியர் மடத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் போவாள், மாலையில் வருவாள். ஜூடித்துக்குச் சோறு ஊட்டியது அக்காள். பரீட்சைக்கு எழுப்பியது அக்காள். கோயிலில் முதல் நன்மை அப்பம் வாங்கும்போது வெள்ளை முக்காடு போட்டுவிட்டதும் அக்காள். மிச்சமிருந்தது தலை பின்னுகிற நேரமும் தீவுக் கதையும்தான். அந்தக் கதைகளில் மட்டுமே பெண் அவள் மடியில் சாய்ந்தது. அதற்காக அவள் ஒரு மலையை நூறு முறை அசைத்தாள்.

ஜூடித் வளர்ந்தாள். நிஜாம் ரயில்வேயில் கார்டாக இருந்த தியோடருக்கு வாழ்க்கைப்பட்டாள். கோயிலில் பெண்ணைக் கைப்பிடித்து அழைத்துவந்தவர் தேவசகாயம். பக்கத்தில் பட்டுப்புடவையில் ஆரோக்கியமேரி. ஞானசௌந்தரி பின்வரிசையில் நின்று, பீடத்துக்கு மேலே உள்ள வண்ணக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் தேவசகாயம் கண்ணை மூடினார். அதற்கடுத்த வருஷம் ஜூடித்துக்கு ஒரு பெண் பிறந்தது. எலிசபெத் என்று பெயர் வைத்தார்கள்.

குழந்தை தவழ ஆரம்பித்திருந்தபோது தியோடருக்கு தனுஷ்கோடி வரைக்கும் பாஸ் கிடைத்தது. அங்கிருந்து கப்பலேறினால் இலங்கை. ஜூடித் குதித்தாள்.

"சித்தி! நீங்க சொன்ன அசைகிற மலையை நான் பாக்கப் போறேன்!"

"நானும் முப்பது வருஷமா ரயில்ல போறேன் வரேன், அசைகிற மலையை இன்னும் பாக்கல" என்று தியோடர் கண்ணடித்தான். "பிறந்ததுலேருந்து போறீங்களா?" என்று ஜூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"புள்ளையைக் கப்பல்ல ஏத்தாதே. கடல் காத்து ஆகாது. பதினஞ்சு நாள்தானே, நான் பாத்துக்குறேன்" என்றாள் ஆரோக்கியமேரி.

அந்த வீட்டில் அதுவரை குரல் உயர்த்தாத ஞானசௌந்தரி அன்றைக்குத்தான் கத்தினாள். "வேண்டாம்! பிள்ளையைக் கூட்டிட்டுப் போ ஜூடித்! பால் குடிக்கிற பிள்ளையை விட்டுட்டுப் போகாதே!"

எல்லாரும் திகைத்துப் பார்த்தார்கள். ஆரோக்கியமேரியின் முகம் வெளுத்தது. ஜூடித் சிரித்து, சித்தியின் கன்னத்தைத் தட்டினாள். "அம்மா இருக்காங்க, நீங்க இருக்கீங்க. எனக்கென்ன கவலை?" என்றாள். போய்விட்டாள்.

அவர்கள் திரும்பி வந்த மறுநாள் காலை. முற்றத்தில் ஞானசௌந்தரி கால்களை நீட்டி, அதன்மேல் குழந்தையைப் படுக்க வைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். ஆரோக்கியமேரி உள்ளே சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தாள். ஜூடித் சொம்போடு வந்து எதிரே குந்தினாள். வழக்கமான கலகலப்பு இல்லை.

"பாத்தியாடி மலையை?"

"பாத்தேன்." வெந்நீரை மொண்டு ஊற்றினாள். "முதல் நாள் அசையல சித்தி. நல்ல வெயில். கத்தியில வெட்டி வெச்ச மாதிரி நின்னுச்சு. இவரு கேலி பண்ணாரு, உங்க சித்தி கதை விட்டுருக்காங்கன்னு. எனக்குக் கோவமா வந்துச்சு."

ஞானசௌந்தரி குழந்தையின் கண்ணில் சோப்பு போகாமல் நெற்றியில் கையை அணை கட்டினாள்.

"மறுநாள் அதே இடத்துல நின்னேன். பக்கத்துத் தோட்டத்துல ஒரு பொம்பளை பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்தா. எனக்கு இவ ஞாபகம் வந்துருச்சு. மார் வலிச்சுச்சு. புடவையெல்லாம் நனைஞ்சுருச்சு. இவரு பயந்துபோய், 'அங்க பாரு, மலையைப் பாரு'ன்னாரு. நிமிர்ந்து பாத்தேன்."

சொம்பைக் கீழே வைத்தாள்.

"அசைஞ்சுது. ஒண்ணு ரெண்டாச்சு. ஓரமெல்லாம் கரைஞ்சு வழிஞ்சுது. கண்ணைச் சிமிட்டினேன், நேரா நின்னுக்குச்சு. நீங்க சொன்னது அப்படியே. ஒரு எழுத்து மாறல." ஜூடித் அவள் முகத்தையே பார்த்தாள். "துரைசானி பிள்ளை உங்க இடுப்புல இருந்துச்சு. அப்ப நீங்க எந்தப் பிள்ளையை நினைச்சு அழுதீங்க?"

குழந்தை தண்ணீரைக் கையால் அடித்துச் சிரித்தது. ஞானசௌந்தரியின் கண்கள் பழக்கப்படி மலையைத் தேடி மேலே போகப் பார்த்தன. போக முடியவில்லை, எதிரே ஜேம்ஸின் நெற்றி, ஜேம்ஸின் மூக்கு.

"என்னையா?" என்றாள் ஜூடித். "அம்..."

சோப்பு நுரையோடு இருந்த கையால் ஞானசௌந்தரி அவள் வாயைப் பொத்தினாள்.

"வேண்டாம் கண்ணு. அந்த வார்த்தை அக்காவோடது. நான் குடுத்துட்டேன். குடுத்ததைத் திரும்ப வாங்கக் கூடாது." இருபத்தைந்து வருஷம் ஏங்கிய சொல் உள்ளங்கைக்கு அந்தப் பக்கம் சூடாகத் துடித்துக்கொண்டிருந்தது. கையை எடுத்தால் வந்துவிடும். அவள் எடுக்கவில்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஜூடித்! சாம்பிராணி ரெடி, புள்ளையைக் கொண்டா!"

ஜூடித் தன் வாயிலிருந்த கையை மெல்ல விலக்கினாள். "தோ வரேம்மா!" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. அந்த ஈரக் கையை விடவும் இல்லை.

"எனக்கு ஏதாவது குடுக்கணும்னு இருந்தா," என்றாள் ஞானசௌந்தரி, குழந்தையைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்தபடி, "அந்த மலையைச் சொல்லு. முதல் நாள் வெயில்ல பாத்தேன்னியே, அதைச் சொல்லு. எல்லாரும் எனக்குக் காட்டினாங்க. நான் பாக்கவே இல்லடி."

ஜூடித் முந்தானையால் முதலில் அவள் கண்ணைத் துடைத்தாள். பிறகு தன் கண்ணை.

"கேளு, சொல்றேன்" என்றாள். "அடியில முழுக்கத் தேயிலை. அதுக்கு மேல கரும்பச்சைக் காடு. உச்சி மட்டும் நீலம். நீ பயப்படாதே, அது அசையவே இல்ல..."