காட்டெருமை அட்டை

ராண்டா பீலருக்கு நாற்பத்தொரு வயது. அதில் பத்தொன்பது வருஷம் அடுத்தவர் வீட்டு அப்பா அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்து, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டே போய்விட்டது. கார்வெல் முதியோர் இல்லத்தில் அவளுக்குத் தெரியாத முதுகு கிடையாது. அவள் முதுகைப் பற்றி மட்டும் யாரும் கேட்டதில்லை. புருஷன்காரன் வயோமிங் பக்கம் எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்று போனான், போனவன் அங்கேயே இன்னொரு குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு தங்கிவிட்டான். நல்லவேளை, ஒரு ஆளுக்குத் துணி துவைப்பது மிச்சம் என்று சொல்லிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள் ராண்டா. அழுதாளா என்று கேட்டால், எந்த நேரத்தில் அழுவது?

அந்த ஆகஸ்ட் மாதப் புதன்கிழமை இரவு பத்து மணிக்கு வேலைக்குப் போனவள், காலையில் மாற்றி விட வேண்டிய பெண் வராததால் வியாழன் மதியம் இரண்டு மணிவரை நின்றாள். பதினாறு மணி நேரம். கார் ஓட்டி வரும்போது கண்ணைத் திறந்து வைக்க ஜன்னலை இறக்கிவிட்டுச் சத்தமாக ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்தும் படுக்க முடியாது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மகள் டெசாவுக்குப் பள்ளிக்கூடத்தில் போட்டோ.

சும்மா போட்டோ இல்லை. பள்ளியின் கடைசி வருஷத்துப் பிள்ளைகளுக்கு எடுப்பது. ஆண்டு மலரில் கால் பக்கத்துக்கு வரும், அத்தை மாமா வீட்டுச் சுவரிலெல்லாம் தொங்கும், வாழ்நாள் முழுக்கப் பின்னாலேயே வரும். ஜூலையில் முதல் முறை தேதி கொடுத்தார்கள். டெசா சோளக்காட்டில், விதைச் சோளச் செடிகளின் உச்சிக் கொண்டையை ஒடிக்கும் கூலி வேலைக்குப் போயிருந்தாள். இரண்டாம் முறை கொடுத்தார்கள். ராண்டாவுக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது, கொண்டுவிட ஆள் இல்லை. இது மூன்றாவது முறை, கடைசி முறை. வெள்ளிக்கிழமையோடு மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவோம், அப்புறம் எங்களைக் கேட்காதீர்கள் என்று போட்டோக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது.

தவறவிட்டால் என்ன ஆகும் என்பது ராண்டாவை விட வேறு யாருக்கும் நன்றாகத் தெரியாது. அவளுடைய ஆண்டு மலரில் அவள் இல்லை. போட்டோக்காரர் வந்த அன்று தம்பிக்கு அம்மை போட்டிருந்தது, அம்மாவுக்கு இறைச்சி ஆலையில் லீவு கிடையாது, ராண்டா வீட்டில் இருந்தாள். விட்டுப்போனவர்களுக்கு மறுபடி எடுத்த அன்று பனிப்புயல், சாலையையே மூடிவிட்டார்கள். யாரையாவது திட்டலாம் என்றால் திட்டக்கூட ஆளில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘படம் இல்லாதவர்கள்’ என்று நான்கு பெயர். மூன்றாவது அவளுடையது.

அதோடு போயிற்றா? மூன்று வருஷத்துக்கு முன்னால் இருபதாம் ஆண்டுச் சந்திப்பு நடந்தது. வந்தவர்களுக்கெல்லாம் சட்டையில் குத்திக்கொள்ள அட்டை கொடுத்தார்கள். அட்டையில் பெயர், பெயருக்கு மேலே அவரவர் பள்ளிக்கூடக் கடைசி வருஷத்துப் படம். முகமெல்லாம் ஊதிப்போன காலத்தில் யார் எவர் என்று தெரிய வேண்டாமா, அதற்காக. ராண்டாவின் படம்தான் இல்லையே. ஏற்பாடு செய்த புண்ணியவதி அந்த இடத்தில் பள்ளிக்கூடச் சின்னத்தை ஒட்டிவிட்டாள். கொம்பும் தாடியுமாக ஒரு காட்டெருமை.

“அடடே, ராண்டாவா! கொஞ்சம்கூட மாறவே இல்லையே நீ!” என்றான் அந்தக் காலத்துக் கால்பந்துக்காரன் ஒருவன், அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து. கூட்டமே சிரித்தது. ராண்டாவும் சிரித்தாள். எட்டு மணிக்கெல்லாம் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அட்டையை எறியவில்லை. சமையலறை இழுப்பறையில், பேட்டரிகளோடு கிடந்தது. ரோஷத்துக்காக வைத்திருக்கிறாள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆக, டெசாவின் நெஞ்சில் ஒரு நாளும் காட்டெருமை ஏறக்கூடாது. இதுதான் ராண்டாவின் ஒரே பிடிவாதம்.

ஆனால் இப்போது ஒரு சிக்கல். பெண்பிள்ளைகளுக்கு அந்தப் படத்தில் சொந்தச் சட்டை கிடையாது. தோள் இரண்டும் தெரியும்படி ஒரு கறுப்பு வெல்வெட் துணியைச் சுற்றிவிடுவார்கள், எல்லாருக்கும் ஒரே துணி. டெசாவோ மூன்று வாரம் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு சோளக்காட்டு வெயிலில் நின்றவள். கழுத்தும் கையும் செங்கல் நிறம். டி-ஷர்ட் மூடியிருந்த இடம் மட்டும் பால் வெள்ளை. தோளைத் திறந்தால் வெள்ளைச் சட்டை ஒன்றைத் தோலிலேயே தைத்துப் போட்டது போல இருந்தது.

“விடும்மா. சோளக்காட்டுக்குப் போன புள்ளைங்க பாதி பேர் அப்படித்தான் இருக்காங்க” என்றாள் டெசா.

“பாதி பேருக்கு அவங்கம்மா கவலைப்படட்டும். நீ வந்து உக்காரு.”

கடையில் அதற்கென்று ஒரு கிரீம் விற்கிறார்கள். தடவினால் வெயிலில் போகாமலே வெயில் நிறம் வரும், ஏழெட்டு மணி நேரத்தில் ஏறும், ஒரு வாரத்துக்குப் போகாது. ராண்டா வரும் வழியிலேயே வாங்கி வந்திருந்தாள். இரவு உணவு ஓவனில் சூடு செய்த பீட்ஸா. முடித்ததும் டெசா சோபாவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். ராண்டா பின்னால் சோபாவில் உட்கார்ந்து இடது தோளில் தடவ ஆரம்பித்தாள். டிவியில் ஆறு மணிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பின்னறையில் துணி உலர்த்தும் டிரையர் சுற்றிக்கொண்டிருந்தது.

“அம்மா, உன் கை கூசுது.”

“ஆட்டாதே. திட்டுத் திட்டா ஆயிடும். கிழவிங்ககூட உன்ன மாதிரி ஆடமாட்டாங்கடி.”

இடது தோள் முடிந்தது. ஒரே சீராக, அழகாக. உள்ளங்கை நிறைய கிரீமைப் பிதுக்கி வலது தோளில் வைத்தாள்.

துணி காய்ந்துவிட்டதென்று டிரையர் கத்தியபோது ராண்டா கண்ணைத் திறந்தாள். கை தோளில்தான் இருந்தது. டெசா அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“ஐயையோ, கண்ணு அசந்துட்டேனா? மணி என்ன?”

“ஏழுகூட ஆகலை. ரெண்டே நிமிஷம்தான். போய்ப் படும்மா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

ராண்டா காலணியைக்கூடக் கழற்றாமல் போய் விழுந்தாள். கை கழுவவும் இல்லை.

காலையில் அவளை எழுப்பியது அலாரம் இல்லை. குளியலறையிலிருந்து டெசா போட்ட சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதைதான். இடது தோள் என்னவோ பரவாயில்லை. வலது தோளில் சுற்றிலும் வெள்ளை, நடுவில் ஒரு கை. ஆரஞ்சு நிறத்தில். நாலு விரல் முன்பக்கம் கழுத்தெலும்பைத் தொட்டுக்கொண்டு, கட்டைவிரல் பின்பக்கம். விரல் ரேகைகூடத் தெரியும் போலிருந்தது. ராண்டா தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அதுவும் ஆரஞ்சு.

“ரெண்டு நிமிஷத்துலயா இப்படி? என்ன கிரீம்டி அது, பெயிண்டா? நீ மிச்சத்த தேய்க்கிறேன்னியே!”

“தேய்க்கத்தான் பாத்தேன். அதுக்குள்ள காஞ்சு போச்சு.”

எலுமிச்சம்பழம் தேய்த்தாள். சோடா மாவு தேய்த்தாள். பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்தபோது டெசா கையைப் பிடித்துக்கொண்டாள். தோல் சிவந்ததுதான் மிச்சம், கை அங்கேயே இருந்தது. முகப்பூச்சை அப்பிப் பார்த்தார்கள், அது காரைச் சுவர் மாதிரி வெடித்தது.

“நான் போகலம்மா” என்றாள் டெசா, கண் கலங்கி. “எல்லாரும் சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். சிரிச்சாச் செத்துப்போக மாட்டே. போகலேன்னா இருபது வருஷம் கழிச்சும் சிரிப்பாங்க. வண்டில ஏறு.” சொல்லிவிட்டாளே தவிர, எத்தனை தடவைதான் ஒரு மனுஷி தன் காரியத்தைத் தானே கெடுத்துக்கொள்வாள் என்று அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரமாக வந்தது.

பள்ளி நூலகத்தில் புத்தக அலமாரிகளைத் தள்ளிவிட்டு விளக்கும் குடையும் நிறுத்தியிருந்தார்கள். திரைக்குப் பின்னால் துணி கட்டிவிடும் ஆர்லிஸ் இருந்தாள். அறுபது வயதுக்காரி, வாயில் இரண்டு துணிக்கிளிப்பைக் கவ்வியபடியே பேசுவாள். துணி எல்லாருக்கும் ஒரே அளவு என்பதால், முதுகுப்பக்கம் இழுத்து துணி உலர்த்தும் கிளிப்பைப் போட்டுத்தான் நிறுத்துவாள். முன்னால் இளவரசி, பின்னால் துணிக்கொடி.

டெசாவின் தோளைப் பார்த்ததும் அவள் வாயிலிருந்த கிளிப் விழுந்தது.

“ஆத்தி! யாரு கண்ணு இது, அறைஞ்சது?”

“யாரும் அறையல. கிரீம்” என்றாள் ராண்டா. “என் தப்புதான். துணியக் கொஞ்சம் மேல ஏத்திக் கட்டிவிடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

“ஏத்தினா இவ ஒருத்தி மட்டும் கழுத்தில்லாத மாதிரி நிப்பா. எல்லாருக்கும் ஒரே கோடுதான், அதுதான் ரூல்.” ஆர்லிஸ் ராண்டாவின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள். “பதறாதே. போன வாரம் ஒரு பையன் முன்னந்தலைய அவனே செரைச்சுக்கிட்டு வந்தான். எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடுவாங்க. ஃபாரத்துல ஒரு கட்டம் இருக்கு, டிக் போட்டா போதும்.”

ராண்டாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேனாவைப் பிடுங்கிக்கொண்டு ஃபாரத்தில் அந்தக் கட்டத்தைத் தேடினாள். ‘பரு, தழும்பு, கறை நீக்கவும்’. டிக் போடப் போன கையை டெசா பிடித்தாள்.

“வேண்டாம்மா.”

“என்னடி வேண்டாம்? கறைடி அது!”

“அது உன் கை.”

“என் கைங்கறதாலதான் சொல்றேன். உன் போட்டோவுல என் கை எதுக்கு? இந்நேரம்வரைக்கும் நீதானே அழுதே?”

டெசா வெல்வெட் துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். முதுகில் கிளிப்புகள் ஆடின. வெளியே போட்டோக்காரர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார், பீலர், பீலர் என்று.

“நேத்து நீ ரெண்டு நிமிஷம் தூங்கலம்மா. துணிய எடுக்கலேன்னு டிரையர் ரெண்டாவது தடவை கத்தினப்போதான் எழுந்தே. முதல் தடவை கத்தினப்போ அசையவே இல்ல. எட்டே காலாச்சு. எழுப்ப மனசு வரல. அசைஞ்சா முழிச்சுக்குவேன்னு அப்படியே உக்காந்திருந்தேன். காலு மரத்துப் போச்சு.”

ஆர்லிஸ் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டாள்.

“உனக்குத்தான் ஆண்டு மலர்ல படமே இல்லையே” என்றாள் டெசா. “கையாவது வரட்டும்.”

விளக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். போட்டோக்காரர் தோளைப் பார்த்துவிட்டு, “இதை அழிச்சுடலாமில்ல?” என்று ராண்டாவைக் கேட்டார். ராண்டா ஃபாரத்தைப் பார்த்தாள். கட்டம் காலியாக இருந்தது. தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினாள். பேசியிருந்தால் அழுதிருப்பாள், அதற்கும் அங்கே நேரம் இல்லை, பின்னால் பதினோரு பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

இரண்டு மணிக்கு மறுபடி வேலை. ஏழாம் எண் அறைக் கிழவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது அவர் அவளுடைய உள்ளங்கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“என்னம்மா இது, கைக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் இல்ல. ஸ்கூல்ல போட்டோ எடுத்தாங்க” என்றாள் ராண்டா. “நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க.”