மழைமானிக்குக் காவல் நின்ற மன்றம்

பள்ளிக்கூடத்தில் மன்றப் பொறுப்பு என்பது யாரும் கேட்டு வாங்குகிற பதவி இல்லை. ஆசிரியர் கூட்டத்துக்குப் பிந்தி வருகிறவர் தலையில் கட்டுவது. நான் வேலையில் சேர்ந்த வாரம், மலைப்பாதை வளைவில் லாரி ஒன்று படுத்துக்கொண்டதால் என் பஸ் முக்கால் மணி நேரம் தாமதம். ஊட்டி மலையில் அரவேணுவுக்குப் பக்கத்தில் இருந்த அந்த உயர்நிலைப் பள்ளிக்குள் நான் நுழைந்தபோது இலக்கியம், அறிவியல், கணிதம், சுற்றுச்சூழல், நுண்கலை என்று ஐந்து மன்றங்களுக்கும் நானே பொறுப்பாசிரியர் ஆகியிருந்தேன். இப்படி மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நாலு மணிக்கு மேல்

நான் சமவெளியில் கோபி ஊர்க்காரன். எங்கள் ஊரில் மன்றக் கூட்டம் என்றால் கடைசி மணி அடித்த பிறகுதான். அதே பழக்கத்தில் இங்கேயும் நாலேகாலுக்கு அறிவியல் மன்றம் என்று பலகையில் எழுதிப்போட்டேன். வந்தவர்கள் இரண்டே பேர். இருவர் வீடும் பள்ளிக்கு எதிரிலேயே இருந்தது. எஸ்டேட் பிள்ளைகள் அத்தனை பேரும் மணி அடித்த கையோடு கூட்டமாகக் கிளம்பி, சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் தட்டி ஓசை எழுப்பிக்கொண்டே தேயிலைக் காட்டுக்குள் இறங்கிவிட்டார்கள்.

மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிரசங்கமே செய்தேன். ஆர்வமில்லை, அக்கறையில்லை என்று தாளித்துக் கொட்டினேன். எல்லாரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்கள். பரமேஸ்வரி என்ற பெண் மட்டும் எழுந்து நின்றாள். அப்பாவும் அம்மாவும் எஸ்டேட்டில் வேலை, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் குடியிருப்பு. குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"அஞ்சு மணிக்கு மேல கரடி நடமாட்டமுங்க சார். கூட்டத்தோட போனாத்தான் ஊடு போய்ச் சேருவோம். நீங்க வேணும்னா கரடிகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு மன்றத்த வைங்க."

கிராமமா, நகரமா?

கரடியிடம் பேசுவதைவிட என் கணக்குப் பாடவேளை ஒன்றை விட்டுக்கொடுப்பது சுலபமாக இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் மன்றம் என்று மாற்றினேன். வகுப்பு நிரம்பி வழிந்தது. கணக்கிலிருந்து தப்பித்த சந்தோஷமும் அதில் பாதி இருக்கும், மறுக்கவில்லை.

இலக்கிய மன்றத்தின் முதல் பட்டிமன்றத்துக்கு, சமவெளியில் நான் பத்து முறை நடத்திய தலைப்பையே கொடுத்தேன்: சிறந்தது கிராம வாழ்க்கையா, நகர வாழ்க்கையா? கிராமத்துக்கு மூன்று பேர், நகரத்துக்கு மூன்று பேர். ஏரி, வயல், மாட்டுவண்டி என்று கிராம அணி மூச்சுவிடாமல் ஒப்பித்தது. அவர்களில் ஒருவரும் வயலைப் பார்த்ததில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. தீர்ப்புச் சொல்ல நான் எழுந்தபோது பரமேஸ்வரி கையைத் தூக்கினாள்.

"சார், நாங்க இந்த ரெண்டுலயும் இல்லீங்களே. எஸ்டேட்டுக்கு யாருங்க பேசறது?"

ஊற்றிய மழை

அறிவியல் மன்றத்துக்காக ஒரு மழைமானி செய்தோம். ஊறுகாய் ஜாடி ஒன்று, அதன் வாயில் அகலமான புனல், பக்கவாட்டில் கோடு போட்ட காகிதம். கொடிமரத்துக்குப் பக்கத்தில் கல் அடுக்கி அதை நிறுத்தினோம். தினமும் காலை ஒன்பது மணிக்கு அளவைப் பார்த்து, நோட்டில் எழுதி, ஜாடியைக் காலி செய்ய வேண்டியது பரமேஸ்வரியின் பொறுப்பு.

எங்கள் நேரம், அது உறைபனிக் காலம். மூன்று வாரமாக நோட்டில் பூஜ்யம்தான். திடீரென்று ஒரு திங்கட்கிழமை ஜாடியில் கால்வாசித் தண்ணீர். நான் துள்ளிக் குதித்து, தலைமையாசிரியரை அழைத்துவந்து காட்டினேன். அவர் ஜாடியைப் பார்த்தார், காய்ந்து கிடந்த மைதானத்தைப் பார்த்தார், திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டார். எனக்கு மானம் போயிற்று. விசாரணையில் பரமேஸ்வரி உடனே ஒப்புக்கொண்டாள்.

"தெனமும் பூஜ்யம்னு எழுதறப்ப உங்க மொகம் வாடிப்போகுதுங்க சார். பாவமா இருந்துச்சு, அதான் கொஞ்சம் ஊத்துனோம்."

ஊற்றாத மழை

பரமேஸ்வரி பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட அடுத்த நவம்பரில் இரண்டு நாளாக விடாத மழை. மூன்றாம் நாள் தலைமையாசிரியர் கூட்டத்துக்கு ஊட்டி போயிருந்தார். பள்ளி என் பொறுப்பில். பதினோரு மணிக்குப் பரமேஸ்வரி நனைந்தபடி வந்து, ஒன்பது மணிக்குக் காலி செய்த ஜாடி விளிம்புவரை நிரம்பிவிட்டது என்றாள். எனக்குச் சட்டென்று பழைய ஞாபகம். "மறுபடியும் ஊற்றினாயா?" என்று கேட்டேன். இன்றைக்கும் நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்கிற கேள்வி அது.

அவள் கோபிக்கவில்லை. என் கண்ணெதிரே ஜாடியைக் கவிழ்த்து மறுபடி வைத்தாள். "நீங்களே காவல் நில்லுங்க சார்" என்றாள். இருவரும் ஆளுக்கொரு குடையோடு நின்றோம். அரை மணியில் கால் ஜாடி ஏறிவிட்டது. காலையில் தேயிலைக் காட்டுக் குறுக்குப்பாதையில் வரும்போது மேட்டின் அடியிலிருந்து செம்மண் தண்ணீர் கசிந்ததையும் அப்போதுதான் சொன்னாள். அப்படிக் கசிந்தால் மேலே மண் இளகுகிறது என்று அர்த்தம். லைனில் பெரியவர்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்களாம். பள்ளி விட்டால் எஸ்டேட் பிள்ளைகள் நாற்பது பேரும் போகிற பாதை அதுதான்.

அனுமதியில்லாமல் பள்ளியை விடுவது குற்றம். தகுதிகாண் பருவம் முடியாதவன் நான். மெமோ வந்தால் வேலையே ஆட்டம் கண்டுவிடும். ஐந்து நிமிடம் மணிக்குப் பக்கத்தில் தயங்கி நின்றேன். ஆனாலும் அந்த ஜாடியைப் பார்த்த பிறகு வேறு வழி தெரியவில்லை. மணியடிக்கச் சொன்னேன். நாற்பது பேரையும் தார் ரோடு வழியாக, மூன்று மைல் சுற்றி, நானே கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் முணுமுணுப்பு. லைன் வாசலில் பரமேஸ்வரி என் குடையைப் பார்த்தாள். அது பாதி வழியிலேயே காற்றில் மடங்கியிருந்தது.

"மண்ணு சரியலேன்னா எங்க மேல கோவிச்சுக்க மாட்டீங்களே, சார்?"

முந்தாநாள் தேதி

சரிந்தது. மாலை நாலரைக்குப் பெரிய சத்தம் கேட்டதாக எஸ்டேட் ஃபேக்டரியில் சொன்னார்கள். மறுநாள் போய்ப் பார்த்தேன். குறுக்குப்பாதை இருந்த இடத்தில் ஒரு சில்வர் ஓக் மரம் வேரோடு குப்புறக் கிடந்தது. முந்தைய நாள் மணியடிக்க நான் தயங்கி நின்ற அந்த ஐந்து நிமிடத்தை நினைத்துக்கொண்டேன். பரமேஸ்வரியை மைதானத்தில் பார்த்து, சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் வெட்கப்பட்டு ஓடிவிட்டாள்.

தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, அவள் பெயரையும் சொல்லி, மெமோவுக்குக் காத்து நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது கண்ணாடியை மட்டும் இல்லை.

"அனுமதி வாங்காம விட்டது தப்புதானுங்க சார். நான் ஊட்டி போறதுக்கு முந்தி கேட்ட மாதிரி, முந்தாநாள் தேதி போட்டு அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

வாபஸ்

அன்று மதியம் பரமேஸ்வரியின் அம்மா, அரை நாள் லீவு போட்டுவிட்டு, கொழுந்து பறிக்கிற படுதாவைக்கூட இடுப்பிலிருந்து அவிழ்க்காமல் வந்து நின்றார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, அந்த நன்றிக்குரியவள் உங்கள் மகள்தான் என்று சொல்ல ஆரம்பித்தேன். அது மனதாரச் சொன்ன வார்த்தை. அவர் கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"அதெல்லாம் அப்பறமுங்க சார். நேத்து புள்ளைக நனைஞ்சு வந்தப்ப உங்கள வாய்க்கு வந்தபடி திட்டிப்போட்டனுங்க, லைனே கேட்டுச்சு. அத வாபஸ் வாங்கிக்கலாம்னுதான் வந்தேன்."

ஐந்து மன்றங்களுக்கும் பொறுப்பாசிரியர் நான் என்று பதிவேட்டில் இருக்கிறது. என்னைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டது பரமேஸ்வரியின் வகுப்பு என்று எழுத அதில் கட்டம் இல்லை.