கொசுறு மூடுபனி

ஃபாரோ தீவுகளில் வானிலை சொல்லிப் பிழைப்பதைப் போல வம்பான வேலை வேறு கிடையாது. வாசலில் மழையும் கொல்லையில் வெயிலுமாக இருக்கும் ஊரில் எதைச் சொன்னாலும் பாதிப் பேருக்கு அது பொய்தான். ரன்வா அந்த வேலையைத்தான் பார்த்துவந்தாள். தலைநகரிலிருந்து வரும் கணிப்பை வாங்கிவைத்துக்கொண்டு, மலையையும் கடலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தீவின் குட்டி வானொலியில் காலையில் பேசுவாள்.

எதையும் துருவித் துருவிக் கேட்கிற பிறவி அவள். ஒருநாள் கடைக்காரி எல்ஸ்பா, "மூடுபனி வரலாம்னு சொன்னியே, உடனே துணியெல்லாம் காயப் போட்டுட்டேன்" என்றாள்.

"வரலாம்னு சொன்னா எதுக்குடி காயப் போடுறே?"

"நீதான் எப்பவும் மூடுபனியைக் கொசுறா சேத்துச் சொல்லுவியே. நாங்க அதைக் கழிச்சுக்குவோம்."

ரன்வாவுக்கு மண்டை குடைய ஆரம்பித்துவிட்டது. கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்து விசாரித்தாள். 'பலத்த காற்று' என்று அவள் சொன்னால் படகுக்காரன் துரோந்துர் வழக்கம்போலக் கிளம்புவானாம். 'புயல்' என்றால்தான் ஒரு கயிறு கூடுதலாகக் கட்டுவானாம். நல்லதைச் சொல்லிக் கெட்டது வந்தால்தானே திட்டு விழும்? அதற்குப் பயந்து அவள் கூட்டிச் சொல்ல, ஊர் கமுக்கமாகக் கழித்துக் கேட்டிருக்கிறது. அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மலையிலிருந்து ஆடுகளைக் கீழே கொண்டுவரும் காலம் வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. இலையுதிர் காலத்தில் ஊரே மலைமேல் வரிசையாக நின்று ஆடுகளைக் கீழே பட்டிக்கு விரட்டும். மழை பெய்தால் நனைந்துவிட்டுப் போகலாம். மூடுபனி இறங்கினால் பக்கத்து ஆள் தெரியாது. மேற்கே மலை செங்குத்தாகக் கடலில் முடிகிற விளிம்பும் தெரியாது. நாள் குறிப்பவன் அவள் புருஷன் ஹேதின்.

"நாளைக்கு வேண்டாம். மூடுபனி வருது" என்றாள் சாப்பிடும்போது.

"கொசுறா, நெசமா?"

"நெசம்."

"அதையும்தான் எப்பவும் சொல்றே" என்று சிரித்துக்கொண்டே காய்ந்த ஆட்டுக்கறியை வெட்டினான்.

மூடுபனி என்றால் கழித்துவிடுவார்கள். புயல் என்று புளுகினால் மலைக்குப் போகமாட்டார்கள். ஆனால் நிஜமாகவே புயல் வரும் அன்றைக்கு எதைச் சொல்வது? காலையில் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தவள் குளிரையும் காற்றையும் வாசித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாள்.

"மலையில மூடுபனி வரும். எங்க வீட்டுக்காரருக்கு இன்னிக்கு நான் சாப்பாடு கட்டிக் குடுக்கல. மலைக்குப் போறவங்க பாத்துக்குங்க."

பட்டியருகே கார் வானொலியில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் ஹேதினைப் பார்த்தது.

"வீட்டுல சோத்தையே நிறுத்திட்டாங்களே தலைவரே, அப்ப விஷயம் இருக்கு" என்று துரோந்துர் தன் நாயைக் கூப்பிட்டுக்கொண்டு நடையைக் கட்டினான். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒற்றை ஆள் வரிசையாக நிற்க முடியுமா?

ஹேதின் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வெளியே பளிச்சென்று வெயில்.

"எங்கே உன் மூடுபனி? என் மானத்தை வாங்கிட்டியே."

மத்தியானம் எல்ஸ்பா வேறு போன் செய்து, துணி நன்றாகக் காய்ந்ததற்கு நன்றி சொன்னாள். ரன்வாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வரவேண்டிய பனி எங்கேதான் போயிற்று என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

முணுமுணுத்துக்கொண்டே இருந்த ஹேதின் திடீரென்று சமையலறை ஜன்னலோரம் போய் மலையை எட்டிப் பார்த்தான். அவளும் போய்ப் பக்கத்தில் நின்றாள். கீழே கூரைகளெல்லாம் வெயிலில் மின்னின. மேலே மலையின் மேற்கு முனையை மட்டும் காணோம். அந்த இடத்தில் ஒரே வெள்ளை.

"அந்த முனையில யாரு நிப்பாங்க?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"கீழ பட்டிகிட்ட நிப்பேன்னுதானே எங்கிட்ட சொல்லுவே?"

"நெசத்தைச் சொன்னா நீ விடமாட்டியே."

"எத்தனை வருஷமா?"

"கல்யாணத்துக்கு முன்னாலேருந்து."

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவன் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்த வெள்ளை கலையும்வரை விடவில்லை.