வீட்டுக்கு ஒரு கை

இந்தத் தீவில் காற்று பலமாக அடித்தால் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிடுகிறது. குடை திரும்பிக்கொண்டு, தொப்பி பறந்து, கடைக்குள் நுழைகிற பெண்மணி தலைமுடியை ஒதுக்கியபடியே, "இன்றைக்கு அவள் நன்றாகச் சம்பாதிக்கிறாள்" என்கிறாள். கடைக்காரரும் ஜன்னல் வழியாகக் குன்றைப் பார்த்துத் தலையாட்டுகிறார். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் உள்ள இந்த ஊருக்கு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலைக்கு நான் வந்த புதிதில், யார் இந்த அவள், எல்லோருக்கும் வேண்டியவளாக இருக்கிறாளே என்று குழம்பியிருக்கிறேன். குன்றின் மேல் சுற்றும் காற்றாலையைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிய வெகு நாளாயிற்று. அது ஒரு கம்பெனியின் சொத்து இல்லை. மானியம் வாங்கி, கையில் இருந்ததையும் போட்டு, ஊர்க்காரர்களே நிறுத்தியது. மின்சாரம் விற்று வருகிற வருமானத்தில்தான் எங்கள் இல்லத்தின் கூரையை மாற்றினார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை ஊர்க் கூடத்தில் கூட்டம் போடுவார்கள். என்னையும் கூப்பிட்டபோது எனக்கு ஒரே திகைப்பு. "எனக்கு இங்கே ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லையே, வாடகை வீடுதானே" என்றேன். பொருளாளர் மார்கரெட் நான் என்ன சொல்ல வருகிறேன் என்று புரியாமல் பார்த்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், எதையும் நேராகக் கேட்கிறவர். "நீ இங்கேதானே தூங்குகிறாய்?" என்றார். ஆமாம் என்றேன். "அப்புறம் என்ன?" என்று என் கையில் தேநீரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சொன்னால் சிரிப்பீர்கள், நான் பிறந்த ஊரில் எந்தக் கூட்டத்திலும் நான் கை தூக்கியதில்லை. அப்பா இருந்தவரை அப்பா, அப்புறம் அண்ணன். அம்மா கதவோரம் நின்று, என்ன பேசினார்கள் என்று மறுநாள் கேட்டுத் தெரிந்துகொள்வாள்.

என் ஊர் உத்திரமேரூருக்கும் சாலவாக்கத்துக்கும் நடுவே இருக்கிறது. ஒரு பெரிய ஏரி, அதை நம்பிய நெல், ஏரிக் கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. நாங்கள் ஊர்க்காரர்கள், நிலக்காரர்கள். ஏரித் தண்ணீர் மார்கழி, தையில் நடுகிற நவரைப் போகத்தின் அறுப்போடு சரி. சித்திரைக்குப் பிறகு கோடைப் போகமான சொர்ணவாரி நட வேண்டுமென்றால் கிணறுதான் கதி. மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் மின்வாரியம் விடுகிற நேரத்துக்குத்தான் வரும். புது இணைப்பு கேட்டுக் காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே கோடையில் பாதி நிலம் தரிசாகக் கிடக்கும்.

காற்றாலை வருமானத்தில் ஒரு பங்கை வெளிநாட்டில் ஏதாவது ஒரு கிராமம் தனக்கென்று சூரிய மின்சாரம் வைத்துக்கொள்ளக் கொடுப்பது என்று இங்கே முடிவானபோது, மார்கரெட் என்னைத்தான் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூடத்தில் எழுந்து நின்று பேசினேன். பேசினேன் என்ன, பீற்றிக்கொண்டேன். ஆயிரம் வருடத்துக்கு முன்பே எங்கள் உத்திரமேரூரில் பானைக்குள் ஓலை போட்டுத் தேர்தல் நடத்தினோம், கோயில் சுவரில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது என்று படம் போட்டுக் காட்டினேன். கை தட்டினார்கள். பின் வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "யாருடைய பெயரெல்லாம் பானைக்குள் போகும்?" என்று கேட்டார். வரி கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்று கல்வெட்டில் உள்ளதைச் சொன்னேன். கூடமே சிரித்தது. "முன்பு இந்தத் தீவையே சொந்தமாக வைத்திருந்த எங்கள் ஜமீன்தாரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்" என்றார் பெரியவர். அந்தச் சிரிப்பிலிருந்துதான் நிபந்தனை பிறந்தது. நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒரு பங்கு. முடிவெடுக்கும் கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு கை. அதற்கென்ன, தாராளமாக என்று நானும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பொங்கல் கழிந்து ஊருக்குப் போனேன். அண்ணன் தனசேகருக்கு வாயெல்லாம் பல். ஏரிக்கரைப் பொதுக் கிணற்றுக்கு மோட்டார், பக்கத்திலே சோலார் தகடுகள், மிச்ச மின்சாரத்தை விற்று வருமானம் என்று எல்லாவற்றையும் தயார் செய்து வைத்திருந்தான். கோயில் மண்டபத்தில் கூட்டமும் கூட்டினான். காலனியிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. "சொல்லி அனுப்பிச்சேன், வர்ல. நான் இன்னா பண்றது?" என்று கையை விரித்தான்.

சரி, நானே போய்க் கூப்பிடுகிறேன் என்று அண்ணியின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கால்வாயைத் தாண்டினேன். கடல் தாண்டி வேலைக்குப் போனவள், காலனிக்குள் போனது அன்றுதான் முதல்முறை. இதை எழுதும்போதே கூனிக் குறுகிப் போகிறேன். ரோஸ்மேரி என்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் படித்தவள். இப்போது மகளிர் குழுத் தலைவி, நடவு ஆட்களைத் திரட்டி அழைத்துப் போகிறவளும் அவள்தான். தெருவில் எல்லோர் முன்னாலும் "வாங்க" என்றாள். வீட்டுக்குள் போனதும், "உக்காரு. காப்பி குடிப்ப இல்ல?" என்றாள். குடித்தேன். நான் குடிக்கிறேனா என்று அவளுடைய மாமியார் வாசற்படியில் நின்று பார்த்ததும் எனக்குத் தெரிந்தது.

"கோயிலாண்ட கூட்டம் போட்டுட்டு, வர்ல வர்லன்னா எப்டி வர்றது?" என்றாள் ரோஸ்மேரி. "வந்தா எங்கள எங்க குந்த வெப்பீங்க?"

பள்ளிக்கூட மைதானத்தில் வைத்தால் வருகிறோம் என்றாள். அண்ணனிடம் மல்லுக்கட்டி இடத்தை மாற்ற வைத்தேன். ஆனால் பங்கு என்றதும் அவன் குரல் ஏறியது. "ஏம்மா வள்ளி, நெலம் இல்லாதவனுக்கு மோட்டாரு இன்னாத்துக்கு? நம்ம ஏரி தண்ணி தாத்தா காலத்துலேருந்து ஏக்கர் கணக்குதான் ஓடிக்கினு கீது. நான் புதுசா இன்னா அநியாயம் பண்ணிட்டேன்?" அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அது அநியாயமாகத் தெரியவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் அசிங்கமாக இருந்தது. நானும் அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்று, அந்த நெல் விற்ற காசில் நர்ஸிங் படித்துப் பறந்தவள்தானே.

கூட்டம் மைதானத்து வேப்ப மரத்தடியில் நடந்தது. வாடகை நாற்காலிகளில் ஊர்க்காரர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். காலனிக்காரர்களுக்கும் நாற்காலி இருந்தது, ஆனால் பாதிப் பேர் நின்றுகொண்டே இருந்தார்கள். நான் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தேன், அதில் மார்கரெட் கம்பளிச் சட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் எழுந்து, தண்ணீரும் வருமானமும் ஏக்கர் கணக்குப்படி, சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றான். நான் காலனிப் பக்கம் பார்த்தேன். ஒருவர் பாக்கியில்லாமல் தூக்கினார்கள். ரோஸ்மேரியும் தூக்கினாள்.

"அடடா, எல்லோரும் ஒரே மனதாக இருக்கிறார்களே" என்று மார்கரெட் கைதட்டினார். "என்ன முடிவு செய்தார்கள், சொல்."

சும்மா "சம்மதித்துவிட்டார்கள்" என்று சொல்லியிருக்கலாம். எனக்கு மண்டைக்குள் ரத்தம் ஏறிவிட்டது. நிலமில்லாத வீடுகளுக்கு ஒன்றும் இல்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள், நாளைக்கு இந்த நிலக்காரர்களிடம்தான் வேலைக்குப் போக வேண்டும் என்பதால் அவர்கள் பயந்து கை தூக்கினார்கள் என்று ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினேன். மார்கரெட்டின் சிரிப்பு அணைந்தது. அப்படியானால் பணம் இப்போது வராது, ஊர்க் கூடத்தில் பேசித்தான் முடிவு என்று சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தார். விஷயம் தெரிந்ததும் அண்ணன் கத்தவில்லை. நாற்காலிகளை அடுக்கச் சொன்னான். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணியிடம், "அவங்களுக்கு சோறு போடு" என்றான். பிறந்த வீட்டில் எனக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன் கிடைத்ததே இல்லை.

ஆனாலும் உள்ளூர ஒரு நிமிர்வு இருந்தது, மறைப்பானேன். மறுநாள் காலை காலனிக்குப் போனேன். ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். ரோஸ்மேரி குழாயடியில் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் வா என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை.

"பயந்துக்கினு கை தூக்குனோம்னு சொன்னியாமே? எம் பொண்ணு காலேஜ் போவுது, அதுக்கு இங்கிலீஷ் தெரியும், வந்து சொல்லிச்சு."

குடம் நிரம்பியதும் குழாயை மூடினாள்.

"பயம் இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்காவ மட்டும் தூக்கல. அறுப்புக்கு மிஷின் வந்துட்டுது. நடவும் களையெடுப்பும்தான் எங்களுக்கு மிச்சம். அந்த கெணத்துல மோட்டாரு ஓடுனா சொர்ணவாரி வெப்பாங்க. கோடை பூரா சும்மா குந்திக்கினு கீறோமே, அப்ப வேல வரும். பங்கு குடுக்க மாட்டாங்கன்னு எங்களுக்கு தெரியாதா? வேலையாவது வரட்டும்னு நாங்க பேசி வெச்சிக்கினுதான் வந்தோம்." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "எங்களுக்காவ பேசறேன்னு பேசுன. எங்கள ஒரு வார்த்த கேட்டியா?"

முகத்தில் அறைந்திருந்தால்கூடத் தேவலை. என் அண்ணன் அவர்களைக் கேட்கவில்லை என்று நான் கொதித்தேனே, நானும்தான் கேட்கவில்லை. அவன் நிலத்தின் திமிரில் கேட்கவில்லை, நான் நியாயத்தின் திமிரில் கேட்கவில்லை. "நான் அங்க போய்ப் பேசிப் பாக்குறேன்" என்றேன்.

"பேசு. அங்க ஒனக்கு ஓட்டு கீது இல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தாள். குத்திச் சொன்னாளா, நம்பிச் சொன்னாளா என்று இன்றுவரை தெரியவில்லை.

தீவுக்குத் திரும்பி, கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன். நான் சொன்னது பாதிதான், காலனிக்காரர்கள் வேலை கிடைக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் கை தூக்கினார்கள், பங்கு பற்றி அப்புறம் போராடலாம், இந்தக் கோடைக்கு மோட்டார் போகட்டும் என்றேன். அன்றைக்குக் கேள்வி கேட்ட அதே பெரியவர் மிகுந்த அன்போடு எழுந்தார். "பாவம், அவர்களை அப்படிச் சொல்ல வைத்திருக்கிறார்கள். பயத்தில் இருக்கிறவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? நீங்களே அன்றைக்குச் சொன்னீர்களே" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். இல்லை, ரோஸ்மேரி யாரும் சொல்ல வைத்துச் சொல்கிறவள் இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, முன்வரிசையில் இருந்தவர்கள் இன்னும் பரிவோடு என்னைப் பார்த்தார்கள். என் ஊர்க்காரர்கள் எனக்கும் நெருக்கடி கொடுத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நிதியை நிறுத்திவைக்கச் சம்மதிப்பவர்கள் என்று மார்கரெட் கேட்டார். கூடம் முழுக்கக் கைகள். எதிர்ப்பவர்கள் என்றார். நான் தூக்கினேன், நான் ஒருத்திதான். மார்கரெட் குழம்பிப் போனார். எனக்குக் கேள்வி சரியாகப் புரியவில்லை என்று நினைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி மறுபடி சொன்னார். "இது எதிர்ப்பவர்களுக்கு, கண்ணே. நீ நம் பக்கம்தானே?" அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பிப் புன்னகையோடு காத்திருந்தன. ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கையை அப்படியே வைத்திருந்திருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கையை இறக்கிவிட்டேன்.

"ஒருமனதாக" என்றார் மார்கரெட். ஒரு சின்னக் கிராமத்துக்கு நியாயம் செய்துவிட்ட நிறைவு எல்லோர் முகத்திலும் இருந்தது. பின்னாலிருந்து யாரோ என் தோளை அழுத்தினார்கள். கைதட்டல் எழுந்தது. எனக்காகத்தான் தட்டுகிறார்கள் என்று புரிந்ததும், நானும் அவர்களோடு சேர்ந்து தட்டினேன்.