அஸ்தியோடு மேற்கே போன ரயில்

காலையில் காரை எடுக்கப் போகும்போது என் கணவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவேன். அவர் கராஜில் இருந்தார், பனிக்கால ரயர்களுக்கு மேலே ஒரு தட்டில். அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பது எங்கள் சனத்தின் வழக்கம். வெளியே வைத்தால் டொராண்டோவின் இந்த மில்லிக்கன் பக்கத்துக் குளிரில் மனுசன் விறைத்துப்போவார் என்பது என் பயம். செத்தவருக்குக் குளிருமா என்று கேட்காதீர்கள். ஊரிலென்றால் காடாத்தி அஸ்தி எடுத்த கையோடு கீரிமலைக் கடலில் கரைத்திருப்போம். "என்னைக் கீரிமலையிலதான் கரைக்கோணும்" என்று ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துக் கேட்டார். ஓம் என்றேன். முதல் கோடையில் மகனுக்குப் புது வேலை, லீவு கிடைக்கவில்லை. அடுத்த கோடையில் எனக்கு முழங்கால் ஒப்பரேஷன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று சும்மாவா சொன்னார்கள்!

மனுசனுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. இந்த நாட்டைக் குறுக்கறுத்து ஓடும் ரயிலில் மேற்குக் கடல் வரை போக வேண்டும். அந்தப் பாதை போட்டு முடித்த நாளில் கடைசி ஆணி அடிக்கும் பழைய படமொன்றை எங்கிருந்தோ எடுத்து வைத்திருந்தார். தொப்பி போட்ட பெரிய மனுசர்கள் சுற்றி நிற்பார்கள். "பாருமப்பா, மலைக்கு வெடி வைச்சுப் பாதை வெட்டின சீனரில ஒருத்தனும் படத்தில இல்லை" என்பார். பிறகு மெல்ல, "ஒருக்காப் போட்டு வருவமே?" என்று கேட்பார். "நாலு நாள் பெட்டிக்குள்ள இருந்து மரத்தை எண்ணுறதுக்கோ? உங்களுக்கென்ன விசரே!" என்று வாயை அடைத்துவிடுவேன். லீவு கிடைத்தால் லண்டனில் ஒரு கல்யாணம், பாரிசில் பெரியபிள்ளையான ஒரு பிள்ளைக்குச் சாமத்தியவீடு. நல்லாயிருந்த காலத்தில் அவர் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

ஒருநாள் நான் அஸ்திப் பெட்டியோடு கதைப்பதைப் பக்கத்து வீட்டு மிஸஸ் சான் கண்டுவிட்டார். "மை ஹஸ்பண்ட்" என்றேன். அவர் காருக்குக் கீழே குனிந்து பார்த்தார்! நான் பெட்டியைத் தொட்டுக் காட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது. இரண்டு பேருடைய உடைந்த இங்கிலீசிலும் அன்று நிறையக் கதைத்தோம். அவருடைய பூட்டன் அந்த ரயில் பாதை போட வந்து மலையில் செத்தவராம். அங்கே புதைத்தவர்களைச் சில வருசம் கழித்துத் தோண்டி, எலும்பைக் கழுவி, கப்பலில் சீனாவுக்கு அனுப்புவது அவர்கள் வழக்கமாம். பூட்டனின் எலும்பு போய்ச் சேரவில்லை. எங்கே புதைத்தார்கள் என்பதே தெரியாது.

"எலும்பை ஏன் அவ்வளவு தூரம் அனுப்புறது?" என்று கேட்டேன்.

"மகன்மார் அங்கேதானே. வருசா வருசம் கல்லறையைக் கூட்டிக் கும்பிட ஆள் வேண்டுமே" என்றார். பிறகு, "உன் ஊரில் இவருக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

விரலை மடித்து எண்ணிப் பார்த்தேன். அவருடைய ஒரு தம்பி லண்டனில், இன்னொருவர் பாரிசில். வீடிருந்த காணி ஆமி முகாமுக்கு எடுத்த காணி. கீரிமலையில் கரைத்துவிட்டு வந்தால் அந்தக் கரையில் அவரை நினைக்க ஒரு குஞ்சும் இல்லை. ஆடி அமாவாசைக்குத் தகப்பனை நினைத்து விரதம் பிடிக்கிற பிள்ளை இங்கே ஸ்காபரோவில் இருக்கிறான்.

மகன் பிரணவனிடம் இதைச் சொன்னேன். "அப்பாக்கு அந்த ட்ரெயின்தானே ஆசை. அங்க முடிவில ஓஷன் இருக்கு, அம்மா. ஆடி அமாவாசைக்கு எனக்கும் ஈசியா போகலாம்" என்றான்.

"அப்பாட்ட ஓம் எண்டு சொன்னனானடா."

"ஐ நோ" என்றான். இரண்டு நாள் யோசித்துவிட்டு, டிக்கெட்டை எடு என்று நானே சொன்னேன்.

போனோம். படத்திலிருக்கும் பழைய பாதை இல்லை, வேறு பாதையாம். மலை அதே மலைதான். யன்னலோரம் அவரை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். எத்தனை அழகு! மரத்தை எண்ணவா என்று கேட்ட வாயை நானே அடிக்கலாம் போலிருந்தது. மலைக் குகைப்பாதைகளுக்குள் ரயில் நுழையும்போதெல்லாம் பிரணவன் தலை குனிந்தான். மிஸஸ் சானின் பூட்டனுக்கு மரியாதையாம்.

வான்கூவர் கடலுக்குள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று மகன் தகப்பனைக் கரைத்தான். நான் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்புத்தான். "கீரிமலை இல்லையப்பா, மன்னிச்சுக் கொள்ளுங்கோ" என்று அழுதேன்.

கரைத்தபின் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும் என்பது முறை. பிரணவனிடம் சொன்னேன். அவன் கடலுக்கு முதுகைக் காட்டி, டொராண்டோ இருக்கும் திசையில் நேரே நடந்தான். ஒருமுறைகூடத் தலை திரும்பவில்லை. "வாங்கோம்மா, வீட்ட போவம்" என்று முன்னால் போய்க்கொண்டே கூப்பிட்டான்.

ஓம் ஓம், வாறன் என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.