கொதி வெளியே போகாத பிளாஸ்க்

பிளாஸ்குக்குள் ஊரார் கண் சேர்ந்து கிடக்கிறது என்று நான் ஒரு காலத்தில் நம்பினேன். சும்மா நம்பவில்லை. அதனால் என் அப்பா வெடித்துச் சாவார், அவரோடு சீனன்குடாவும் போகும், காற்று வாய்த்தால் திருகோணமலையும் போகும் என்பதுவரை நம்பினேன். இதை என் பிள்ளைகளிடம் சொன்னால், இந்த மனுசனிடமா நாங்கள் கணக்குப் படித்தோம் என்பதுபோல ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

குற்றம் என்னுடையதல்ல, சொல்லினுடையது. எங்கள் பக்கத்தில் கொதி என்றால் இரண்டு. அடுப்பில் வைத்த தண்ணீருக்கு வருவது ஒன்று. மற்றது, நாம் சாப்பிடுவதை யாராவது வாயூறப் பார்த்துவிட்டால் நம் வயிற்றுக்குள் வந்து குந்திக்கொள்வது. இந்த இரண்டாவது கொதிக்கு டாக்டர் சரிவராது. அதற்கென்று இருப்பவர் செம்பில் தண்ணீர் வைத்து ஓதித் தருவார். ஓதும்போது அவருக்குக் கொட்டாவி வந்தால் கொதி இருக்கிறது. கண்ணில் நீர் வழிய வழியக் கொட்டாவி வந்தால் பெரிய கொதி. வராவிட்டால், நீங்கள் பள்ளிக்கூடம் போகாமலிருக்க வயிற்றைப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கடைகளிலிருந்து அரிசி காணாமல் போயிருந்த காலம் அது. கந்தளாயில் நெல் விளைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு பை அரிசியோடு பஸ் ஏறினால் வழியில் பொலிஸ்காரர் மறித்து இறக்கிவிடுவார்கள். வெளிநாட்டுச் சாமான்களும் வருவதில்லை. இரவில் எங்கள் வீட்டில் மரவள்ளிக் கிழங்கும் சம்பலும். சோறு கொஞ்சம் இருந்தால் அது எனக்கும் தங்கைக்கும்.

அப்பா சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் பக்கம் கிளாக்கர். அங்கே நெருப்புப் பெட்டியைக் கேற்றடியில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நெருப்பு இல்லாத இடத்தில் அடுப்பு ஏது, அடுப்பு இல்லாத இடத்தில் தேத்தண்ணீர் ஏது? அதனால் அப்பா காலையில் சாப்பாட்டுக் கரியரோடு போவார். ஒரு நாள், இனிக் கரியர் வேண்டாம் என்றார்.

“கேற்றுக்கு வெளியிலை இருக்கிற கன்ரீனிலை நல்ல சாப்பாடு போடுறாங்கள். இனி எனக்குக் கோப்பி மட்டும் தந்தால் காணும்.”

கரியர் குசினிச் சுவரில் ஆணியில் ஏறியது. கோப்பி ஒரு பழைய சிரப் போத்தலில் இறங்கியது. அந்தப் போத்தலின் தக்கைக்கு ஒழுக்கம் போதாது. எங்கள் லிங்கநகரிலிருந்து பஸ் புறப்பட்டதும் கோப்பியும் புறப்பட்டுவிடும். அப்பாவின் வெள்ளைக் காற்சட்டையில் ஒரு நாள் இலங்கை வரைபடம்போலவே ஒரு கறை. கேற்றில் நின்ற காவலாளி பைக்குள் போத்தலைக் கண்டு, “என்ன ஐயா, காலமையே தொடங்கிட்டியளோ?” என்று கேட்டதாக அப்பா சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை. உடனே ஒழுகாத பிளாஸ்க் ஒன்று வாங்கி வரும்படி மாமாவை அனுப்பினாள். மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

மாமா அம்மாவின் தம்பி. உலகத்தில் எதையும் நம்பாதவர். முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்காமல் வாங்கமாட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணைப் பார்க்க முன்னம் சீதன வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தவர். அந்தக் கலியாணம் சுவரோடு நின்றுவிட்டது.

கடை துறைமுக வீதியில். கிண்ணியாவிலிருந்து வந்து கடை போட்டிருந்த முஸ்லிம் நானா ஒருவருடையது. மாமா குரலைத் தாழ்த்திக் கேட்டார். நானாவும் குரலைத் தாழ்த்தி, “பழைய சரக்கு தம்பி, தெரிஞ்ச ஆக்களுக்கு மட்டும்தான்” என்றார். இரண்டுபேரும் அபின் கைமாற்றுவதுபோல வாசலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வெளியே ஓர் ஆடு நின்றது. அதன் முழியும் எனக்குச் சரியாகப் படவில்லை.

மூலையில் போர்த்திக் கிடந்த சாக்கு விலகியதும் மூன்று பிளாஸ்க். ஒன்றில் ரோசாப்பூ. ஒன்று பச்சை. மூன்றாவது நீலத் தகரம், ஒரு பக்கம் நசுங்கியது.

“ஒழுகாதோ?”

“ஒழுகினா என்ட கடைய உங்கட பேருக்கு எழுதித் தாறன்.”

“கடையின்ரை கூரை ஒழுகுது நானா. எனக்கு வேண்டாம்.”

பக்கத்துத் தேத்தண்ணீர்க் கடையிலிருந்து கொதிநீர் வரவழைத்து மூன்றிலும் ஊற்றினார்கள். பரிசோதனை எப்படி என்று நானா கேட்டார். மாமா என்னைக் கதிரையில் இருத்தி, ரோசாப்பூவைத் தலைகீழாக என் மடியில் வைத்தார்.

“ஒழுகினால் சுடும். சுட்டால் கத்துவான். கத்தினால் எங்களுக்குத் தெரியும்.”

இதைவிட நேர்மையான கருவி அன்று திருகோணமலையில் இருந்திருக்காது. ரோசாப்பூவுக்கு நான் கத்தினேன். பச்சைக்குக் கத்தவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் அதன் வெளிப்பக்கம் சுடத் தொடங்கியது. உள்ளே கண்ணாடி வெடித்திருக்கிறது என்று மாமா அதை ஒதுக்கினார். நசுங்கிய நீலம் மட்டும் தலைகீழாகவும், பக்கவாட்டிலும், மாமா என் முழங்காலைப் பிடித்து பஸ் குலுங்குவதுபோல ஆட்டியபோதும் அசையவில்லை. மூடியைத் திறந்தால் ஆவி பறந்தது.

நானாவுக்குப் பெருமை தாங்கவில்லை. என் முகத்துக்கு நேரே அதைப் பிடித்துச் சொன்னார்: “பார்த்தீங்களா மகன்? கொதி எல்லாம் உள்ளுக்கே இரிக்கி. ஒரு சொட்டுக் கொதி வெளிய போகாது!”

அந்த வசனம் நேராகப் போய் என் மண்டைக்குள் குந்திக்கொண்டது.

பிளாஸ்க் வீட்டுக்கு வந்தது. அப்பாவின் காற்சட்டை வெள்ளையாகவே திரும்பி வந்தது. கொஞ்ச நாளில் அப்பாவுக்கு வயிற்று வலி வந்தது. பின்னேரம் வேலையால் வந்ததும் வயிற்றில் கையை வைத்துச் சாய்மனைக் கதிரையில் சுருண்டுகொள்வார். அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தாள். இஞ்சி கொடுத்தாள். கடைசியில், என் காதுபட, “ஆரின்ரையோ கொதிதான்” என்றாள்.

மடையனுக்குக்கூட விளங்கியிருக்கும். எனக்கு உடனே விளங்கியது.

அப்பா பஸ்ஸில் பிளாஸ்கைத் திறப்பார். கோப்பி மணக்கும். கோப்பியும் கிடைக்காத காலம், பஸ் முழுவதும் பார்க்கும். அந்தக் கொதி முழுவதும் பிளாஸ்குக்குள் போகும். சாதாரணப் பாத்திரம் என்றால் வழியிலேயே கொஞ்சம் சிந்தியிருக்கும். சிரப் போத்தல் இருந்த காலத்தில் அப்பாவுக்கு வயிற்று வலி வந்ததா? இல்லை. அதுதான் ஒழுகிப் போய்விட்டதே! இதில் ஒரு சொட்டும் வெளியே போகாது. நானாவே சொன்னாரே.

ஆள் இல்லாத நேரம் வெறும் பிளாஸ்கின் வாயில் காதை வைத்துப் பார்த்தேன். உள்ளே ஊ என்று ஓர் இரைச்சல். பலபேர் ஒன்றாக மூச்சு விடுவதுபோல. தங்கையைக் கூட்டிவந்து கேட்கச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, “கடல் அண்ணா” என்றாள். சின்னப் பிள்ளை, அதற்கு என்ன தெரியும்?

அதன்பிறகு ஊரில் எனக்கு நம்பிக்கையான ஆளே இல்லை. எங்கள் பிளாஸ்கைப் பார்த்துக் கொட்டாவி விட்ட நாய்கூடச் சந்தேக நபர்தான். முதல் சந்தேகம் அடுத்த வீட்டு மாமிமேல். உறவில்லாத மாமி. பிளாஸ்க் வந்த அன்றே வேலிக்கு மேலால் எட்டி, “எவ்வளவு வடிவு!” என்றவர். நசுங்கிய தகரத்தை வடிவு என்பவரை எப்படி நம்புவது? அதைவிட, எங்கள் ஒழுங்கையில் கொதிக்கு ஓதுபவரும் அவர்தான். போடுவதும் அவர், எடுப்பதும் அவர். நல்ல வியாபாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு பயமும் சேர்ந்தது. கொதி நிரம்பினால் என்ன ஆகும்? மூடி வைத்த பானை என்ன செய்யும், வெடிக்கும். அப்பா அதை எங்கே கொண்டுபோகிறார்? நெருப்புக் குச்சிகூடக் கொண்டுபோக விடாத எண்ணெய்த் தாங்கிகளுக்கு நடுவில்! பின்னேரங்களில் சீனன்குடாப் பக்கத்து வானத்தைப் பார்த்தபடி இருப்பேன். அந்தி சிவந்தால் ரோட்டுக்கு ஓடுவேன். பஸ்ஸிலிருந்து அப்பா முழுதாக இறங்கினால்தான் மூச்சு வரும்.

இறங்கிவரும் அப்பா அன்றைய கன்ரீன் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வார். அம்மா கிழங்கை எங்கள் கோப்பைகளில் வைத்துக்கொண்டே, “இண்டைக்கு என்ன கறி?” என்று கேட்பாள்.

“சூரைமீன் குழம்பு. மாங்காய் போட்டது. சோறு கேட்கக் கேட்கப் போட்டாங்கள். வயிறு இன்னும் கல்லு மாதிரி. எனக்கு ஒரு துண்டுக் கிழங்கு காணும். நீங்கள் சாப்பிடுங்கோ.”

வேறொரு நாள் இறால். வேறொரு நாள் முருங்கைக்காயும் கருவாடும். அப்பா சொல்லும் விதம் அப்படி, குழம்பில் எண்ணெய் மிதப்பது எனக்குத் தெரியும். வாயில் ஊறியதை விழுங்கிக்கொண்டு கிழங்கைக் கடிப்பேன்.

அப்படி விழுங்கிய ஒரு இரவில்தான் எனக்குப் பொறி தட்டியது. பஸ்ஸில் பார்க்கிறவர்கள் கோப்பியை மட்டும்தான் பார்க்கிறார்கள். அப்பாவின் சோற்றுக்கும் மீனுக்கும் தினமும் வாயூறுகிறவன் ஒருவன் இந்த வீட்டிலேயே இருக்கிறான். இவ்வளவு நாளும் ஊரெல்லாம் தேடிய ஆள், என் கோப்பைக்கு முன்னால் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்தான்.

அடுத்த நாள் அப்பா வேலைக்குப் போகவில்லை. எழும்ப ஏலாமல் கிடந்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. நான் பிளாஸ்கைத் துவாயில் சுற்றிக் கட்டிப்பிடித்துக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து மாமி வீட்டுக்கு ஓடினேன்.

மாமி மீன் கழுவிக்கொண்டு இருந்தார்.

“மாமி, கொதிக்கு ஓத வேணும்.”

“ஆருக்கு?”

“பிளாஸ்குக்கு.”

மாமி என்னைப் பார்த்தார். பிளாஸ்கைப் பார்த்தார். “அதுக்கு எந்த இடத்திலையடா நோகுது?”

நான் அழத் தொடங்கினேன். அழுதால் மாமி பகிடி விடமாட்டார். கையைத் துடைத்துவிட்டு வந்து, செம்பில் தண்ணீர் வைத்து, பிளாஸ்கை முன்னால் நிறுத்தி, வாய்க்குள் முணுமுணுக்கத் தொடங்கினார். அந்த நசுங்கல் தகரம் பூசைக்கு வைத்த கும்பம்போல நின்றது. மாமிக்கு ஒரு கொட்டாவி வந்தது. இரண்டாவது வந்தது, பெரியது, கண்ணில் நீர் கட்டியது. என்னால் அதற்குமேல் ஏலவில்லை.

“மாமி, அது என்ரை கொதிதான்! அப்பா கன்ரீனிலை மீன் குழம்பு சாப்பிட்டதெண்டு சொல்லச் சொல்ல எனக்கு வாயூறினது. ஒவ்வொரு நாளும் ஊறினது மாமி!”

மாமியின் வாய் கொட்டாவியின் பாதியில் திறந்தபடியே நின்றது. பிறகு மூடியது.

“எந்தக் கன்ரீனிலை?”

“சீனன்குடாக் கன்ரீனிலை. அங்கை சோறு கேட்கக் கேட்கப் போடுவாங்கள்.”

மாமியின் புருசனும் அங்கேதான் வேலை. வாழையிலையில் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக்கொண்டு போகிறவர். மாமி செம்பை ஒரு பக்கம் தள்ளிவைத்தார்.

“கரியர் கொண்டுபோறேல்லையோ அப்பா?”

“இல்லை. அது ஆணியிலை தொங்குது. கோப்பி மட்டும்தான்.”

மாமி ஓதி முடிக்கவில்லை. தண்ணீரை வேலியோரம் ஊற்றிவிட்டு, “நீ இதிலை இரு. அசையாதை” என்று சொல்லி, ஈரக் கையோடு எங்கள் குசினிக்குப் போனார். நான் இருக்கவில்லை, பின்னால் போய் யன்னலடியில் நின்றேன். மாமி தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி ஊதுகுழலை எடுத்து ஊதினாள். அடுப்பு நன்றாக எரிந்துகொண்டுதான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அப்பா வேலைக்குப் புறப்பட்டபோது கரியர் ஆணியில் இல்லை. மேசையில் இருந்தது, மேல் தட்டில் அவித்த கிழங்கு, கீழ்த் தட்டில் மாமி வீட்டு மீன்.

“இது என்னத்துக்கு? கன்ரீனிலை...”

“கன்ரீன் பூட்டியாச்சாம்” என்றாள் அம்மா. “கேள்விப்பட்டனான்.”

அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கரியரை ஒரு கையிலும் பிளாஸ்கை மறுகையிலும் எடுத்துக்கொண்டு போனார். வயிற்று வலி மெல்ல மெல்லக் குறைந்தது.

எனக்கு மாமிமேல் அதன்பிறகு பயங்கர மரியாதை. இரண்டே இரண்டு கொட்டாவியில், அதுவும் பாதியில் நிறுத்திய ஓதலில், லிங்கநகரில் இருந்துகொண்டே சீனன்குடாக் கன்ரீனை இழுத்துப் பூட்டிய மனுசி அல்லவா! பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொன்னேன். கணக்கு வாத்தியாரின் வீட்டுக்கும் ஒரு கொட்டாவி விட முடியுமா என்று மாமியிடம் கேட்டும் பார்த்தேன். மாமி என் தலையில் குட்டிவிட்டு ஒரு மீன் பொரியலைக் கையில் வைத்தார்.

அரிசியும் மாவும் வராததால் அந்தக் கன்ரீன் பூட்டப்பட்டது, நாங்கள் பிளாஸ்க் வாங்குவதற்கு முந்திய மாதம்.